ஃப்ரிட்ஜில் மூன்று வருடம்: என் ஹீப்ரு எழுத்து அட்டை

இஸ்ரேலின் ரமத் கான் நகரில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த முதல் வாரமே ஹீப்ரு எழுத்து அட்டை ஒன்றை வாங்கி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். 22 எழுத்து, சொல்லின் கடைசியில் உருமாறும் 5 வடிவம், கீழே ஆங்கிலத்தில் ஒலி. மூன்று வருடத்தில் மூலை சுருண்டு, எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிவிட்டது.

உருவம் பழக அது போதும். ஒலிக்கு நம்பியதில்தான் ஏமாந்தேன். கடைச் சீட்டில் பால் என்று எழுதப்போய் நாய் என்று எழுதிவிட்டேன். பால் 'ஹலாவ்'. முதல் எழுத்து ஹெத், காறுவது போன்ற ஹ. அட்டை காஃபுக்கும் அதே ஒலியைப் போட்டிருந்ததால் காஃப் எழுதினேன். ஆனால் சொல்லின் தொடக்கத்தில் காஃப் என்றால் 'க'. அப்படி வாசித்தால் 'கெலெவ்', நாய்! அன்றாட எழுத்தில் உயிர்க்குறி போடுவதில்லை, அதனால் தப்பிக்கவும் வழியில்லை. பாட்டி சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

அப்புறம்தான் உறைத்தது, இது நம் ககரம் செய்கிற வேலைதானே. 'கல்'லில் வன்மை, 'அக'த்தில் குழைவு, 'பக்க'த்தில் இரட்டித்ததும் மறுபடி வன்மை. ஹீப்ருவில் இன்று பேத், காஃப், பே மூன்றும் இப்படித்தான். வீடு 'பயித்' (பஸ்ஸில் வரும் ப), இதயம் 'லேவ்'. இரண்டிலும் அதே பேத்! எழுத்தின் வயிற்றில் புள்ளி இருந்தால் வன்மை.

தேத்தும் தாவும் இன்று ஒரே ஒலி, காஃபின் 'க'வும் குஃபும் அப்படியே. எந்தச் சொல்லுக்கு எது என்று மனப்பாடம்தான். ரேஷ் தொண்டையில் உருளும். நம் ரகரத்தைப் போட்டாலும் புரிந்துகொள்கிறார்கள்.

அயினுக்கு 'ஒலி இல்லை' என்கிறது அட்டை. தெருவில் அது சரி. ஆலெஃப் போட்ட 'அனி' நான், அயின் போட்ட 'அனி' ஏழை, காதுக்கு இரண்டும் ஒன்றுதான். பாட்டியோ பாக்தாதில் பிறந்தவர். என் விரலைத் தன் கழுத்தில் வைத்து அயினைச் சொல்லிக் காட்டினார். உள்ளே தொண்டை இறுகுவது விரலுக்குத் தெரிந்தது. அவர் வாயில் ஹெத்தும் காஃபும்கூட வேறு வேறுதான்.

வாங்கலாமா? வாங்குங்கள், ஆனால் புள்ளி வைத்ததையும் வைக்காததையும் தனித்தனியாக அச்சிட்ட அட்டையாகப் பார்த்து. என்னுடையதில் நானே பென்சிலால் போட்டுக்கொண்டேன். ஹெத்துக்குப் பக்கத்தில் ஒரு பால் பாக்கெட், காஃபுக்குப் பக்கத்தில் ஒரு நாய்.