மூளைப் பயிற்சி என்று முன்பணம் கேட்கிறார்களா? கட்டாதீர்கள்

அப்பாவின் மூன்று மாத ஓய்வூதியம் போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அவருக்கு லேசான அறிதிறன் குறைபாடு. டிமென்ஷியா அல்ல, தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்கிறார், பெயர்களும் மாத்திரை வேளையும்தான் நழுவுகின்றன. இணையவழி மூளைப் பயிற்சி தரும் ஒரு நிறுவனத்திலிருந்து காணொளியில் வந்த ஆலோசகர் அவரிடம் அத்தனை பொறுமையாகப் பேசினார். சிறு சோதனை ஒன்றை வைத்து, வண்ண வரைபடத்தைக் காட்டி, "ஐயா, ஆறே மாதத்தில் மறதி போய்விடும். டிமென்ஷியா உங்கள் பக்கமே வராது" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டாலே ஒடுங்கிப்போகும் அப்பா அன்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நொடியில்தான் பணம் கைமாறியது. பயந்திருக்கும் முதியவரிடம் இப்படி ஒரு பொய்யைச் சொல்ல எப்படித்தான் மனம் வருகிறது?

விளையாட்டில் மதிப்பெண் ஏறியது உண்மை. கட்டங்களை நினைவில் வைத்துத் தொடுவதில் தேர்ந்துவிட்டார். அதே வாரம் ரத்த அழுத்த மாத்திரையை ஒரே காலையில் இருமுறை விழுங்கினார். பழகிய பயிற்சியில் மட்டும் முன்னேற்றம், அன்றாட வேலைகளில் மாற்றமில்லை. அமெரிக்காவில் முதியவர்கள் 2,802 பேரிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வின் ஈராண்டு முடிவும் இதையே சொன்னது.

கேட்டால், "அடுத்த நிலைக்குப் போனால் பலன் தெரியும்" என்றார்கள். பிறகு, "ஐயா ஒழுங்காகச் செய்திருக்கமாட்டார்." ஒரு நாளும் விடவில்லை என்று அவர்களுடைய செயலியே காட்டுகிறது! இதே மாதிரி ஆதாரமில்லாத விளம்பரத்துக்காக வேறொரு பெரிய நிறுவனம் 2016இல் அமெரிக்காவில் 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்ததைச் சுட்டிக்காட்டினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு தானியங்கிப் பதில். அந்த ஆலோசகர் இப்போது அழைப்பையே எடுப்பதில்லை. மூன்று மாத ஓய்வூதியம். ஒரு காசுகூடத் திரும்பாது, விதிமுறையில் இருக்கிறதாம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. முதலில் மருத்துவரைப் பாருங்கள்: தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, காது மந்தம் எல்லாமே மறதியைக் கூட்டும், இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. டிமென்ஷியாவைத் தடுப்போம் என்று யார் உறுதி சொன்னாலும் பேச்சை அங்கேயே முடியுங்கள். மொத்தக் கட்டணத்தை முன்கூட்டித் தராதீர்கள். தானாகப் புதுப்பிக்கும் சந்தாவை வங்கியில் சொல்லி இன்றே நிறுத்துங்கள். அப்பாவின் கணக்கில் அடுத்த தவணைக்கும் கை வைக்கப் பார்த்தார்கள்.