குட்டி ஆமைக்கு எந்த வீடு: வறண்ட திறந்த தொட்டியா, ஈரமான மூடிய பெட்டியா?

தரை ஆமை என்றால் பாலைவனப் பிராணி, காய்ந்த இடம்தான் சரி என்றுதான் பலர் தொடங்குகிறார்கள். மேலே திறந்த தொட்டி, காய்ந்த மண், ஒரு சூட்டு விளக்கு. சுத்தம் செய்வது சுலபம், காற்றோட்டமும் நன்றாக இருக்கும். ஆனால் அந்த விளக்கு குஞ்சின் ஓட்டை உலர்த்திக்கொண்டே இருக்கும். புதிதாக வளரும் பகுதி காய்ந்து இறுகுவதால் ஓட்டின் தகடுகள் பக்கவாட்டில் விரியாமல் கூம்பு கூம்பாக மேலெழும். இதற்குப் பெயர் பிரமிடிங். ஒருமுறை வந்த மேடு பிறகு இறங்காது.

மூடிய பெட்டியில் ஈரப்பதத்தை 80 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம். பாலைவனத்து இனமாகவே இருந்தாலும் குஞ்சு இயற்கையில் வளைக்குள், ஈர மண்ணில்தானே பெரும்பாலும் பதுங்கிக் கிடக்கிறது! சல்கேட்டா என்ற ஆப்பிரிக்கத் தரை ஆமையின் குஞ்சுகளை வைத்து 2003இல் வெளியான ஆய்வொன்றிலும், மேடு விழுவதில் புரதத்தைவிட ஈரப்பதத்தின் பங்கே பெரிதாக இருந்தது. ஈரத்தோடு குளிரும் சேர்ந்தால்தான் ஆபத்து, மூச்சுத் தொற்று வந்துவிடும். சல்கேட்டா போன்ற வெப்ப இனத்துக்கு இரவிலும் 26 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது.

வேகம்? ஈரத்தில் வளர்பவை பெரும்பாலும் சீக்கிரம் எடை போடும். வேகமாக வளர்ந்தால் ஓடு கெடும் என்ற பழைய பயத்தை நான் நம்புவதில்லை. ஓடு வழவழப்பாக, கெட்டியாகிக்கொண்டே வந்தால் சரி. அதற்குக் கால்சியமும் யுவிபி என்ற புற ஊதா ஒளியும் இரண்டு வீட்டிலும் வேண்டும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள், அப்புறம் அடுத்தவர் ஆமையோடு ஒப்பிடாதீர்கள். ஒரே ஈட்டுக் குஞ்சுகள்கூட ஒரே அளவில் வளர்வதில்லை.

முதல் இரண்டு வருடத்துக்கு என் ஓட்டு மூடிய பெட்டிக்கே.