மனம் பேசும் பிள்ளை: ஜேக்கா, பெட்ராவா?

பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு கும்பகோணத்திலிருந்து திருவையாற்றுக்கு வந்திருந்த அக்கா மகள் என் அலமாரி முன் நின்று கேட்டாள்: “மாமா, மனசாலயே பேசுற பிள்ளை வர்ற கதைல எதை முதல்ல படிக்கிறது?” ஒரு கையில் ஜூலியன் மே எழுதிய மூன்று தடிப் புத்தகங்கள், இன்னொரு கையில் ஜான் விண்டமின் ஒல்லியான ‘தி கிரிசாலிட்ஸ்’.

மூன்று புத்தகங்கள் என்றால் ‘ஜேக் தி பாடிலெஸ்’, ‘டயமண்ட் மாஸ்க்’, 1996இல் வந்த ‘மேக்னிஃபிகேட்’. ஜேக் தாய் வயிற்றில் இருக்கும்போதே மனத்தால் பேசுகிறான். பெறக்கூடாது என்று தடை இருந்தும், அவன் அம்மா கனடாவின் காட்டுக்குள் ஒளிந்திருந்து பெற்றெடுக்கிறாள். பிறகு நோய் அவன் உடம்பையே தின்றுவிட, மூளை மட்டும் மிஞ்சுகிறது. கதை சொல்பவர் ரோகி, பழைய புத்தகக் கடைக்காரர். திண்ணையில் உட்கார்ந்து சொந்தக்காரர் கதை பேசுகிற பெரியவரின் குரல் அவருக்கு. அந்தக் குரலுக்காகவே எனக்கு இந்தப் புத்தகங்கள் பிடிக்கும். ஆனால் ஜேக்கின் குடும்பத்தில் யாருக்கு யார் என்ன உறவு என்று பிடிபடவே நாளாகும். இதற்கு முன் 1987இல் ஜூலியன் மே எழுதிய ‘இன்டர்வென்ஷன்’ படித்திருந்தால்தான் பல இடங்கள் புரியும். இன்னொரு குறை எனக்குப் பெரியது: ஜேக் பிறக்கும்போதே அறிவாளி. அவன் பிள்ளையாக இருந்து நான் பார்க்கவே இல்லை.

பெட்ரா அப்படியில்லை. அவள் வரும் ‘கிரிசாலிட்ஸ்’ 1955இல் வந்த நாவல், அணுப்போருக்குப் பிந்தைய லாப்ரடாரில் நடக்கிறது. சாமியின் பேரைச் சொல்லி, உடம்பில் சின்ன மாறுதல் இருந்தாலும் ஒதுக்கும் ஊர். அங்கே டேவிட்டும் சில பிள்ளைகளும் ரகசியமாக மனத்தால் பேசிக்கொள்கிறார்கள். ஒருநாள் அவனுடைய குட்டித் தங்கை பெட்ரா ஆற்றில் விழுகிறாள். தான் கூப்பிடுவதே அவளுக்குத் தெரியாது. அவனோ என்ன ஏது என்று தெரியாமல் ஓடுகிறான்.

இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் எனக்கு அக்கா ஞாபகம் வரும். ஐந்து வயதில் இந்த அக்கா மகள் புஷ்ய மண்டபப் படித்துறையில் பாசி வழுக்கி விழுந்தாள். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, காவிரியில் தண்ணீர் வந்த புதிது. இவள் கத்தக்கூட இல்லை. மூன்று படி மேலே புடவை பிழிந்துகொண்டிருந்த அக்கா எப்படித் திரும்பினாள் என்று இன்றுவரை அவளுக்கே சொல்லத் தெரியாது. புடவை ஆற்றோடு போயிற்று, பிள்ளை கையில் இருந்தாள்.

பெட்ராவின் ஆபத்து அவள் பலத்தில்தான் இருக்கிறது. கெட்டிமேளம் முழங்கும்போது பக்கத்து ஆள் பேசுவது கேட்குமா? அவள் பயந்தால் மற்றவர்கள் யாரும் பேசிக்கொள்ள முடியாது. அவளுடைய மட்டக்குதிரையை மிருகம் தாக்கும்போது அவள் அலற, எல்லோரும் ஒரே இடத்துக்கு ஓடிவந்து வெளியாள் சந்தேகத்தில் சிக்குகிறார்கள். அதே குரல்தான் கடல் கடந்து நியூசிலாந்து வரை எட்டுகிறது.

ஜெரோம் பிக்ஸ்பியின் 1953ஆம் ஆண்டுச் சிறுகதை ‘இட்ஸ் எ குட் லைஃப்’ பற்றியும் சொன்னேன். மற்றவர் நினைப்பதைக் கேட்டு, பிடிக்காவிட்டால் தண்டித்துவிடும் மூன்று வயது ஆன்டனிக்குக் கேட்டுவிடக் கூடாதென்று ஊரே மனத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டு திரியும். அரை மணியில் படித்துவிடலாம். ஆனால் அவனுக்காக ஓடிவர ஒருவர்கூட இல்லை. ராத்திரியில் படிக்காதே என்றேன்.

சரி என்று ‘கிரிசாலிட்ஸ்’ஐ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். ஜேக்கின் முதல் புத்தகத்தை ரோகிக்காகத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன், தீபாவளி லீவுக்கு.