போஸ்ட்கிரெஸ் 16-இன் கொலேஷன் ரூல்ஸ்: நம்ம ஊர்ப் பெயர்ப் பட்டியலுக்கு ஆகுமா?

ஆகும். போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்பது தகவல்களைச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸ். கொலேஷன் என்பது அதில் எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்ற ஒழுங்கு, ரூல்ஸ் என்பது அந்த ஒழுங்கை நாமே மாற்றி எழுதும் வசதி. குமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சீட்டு, பங்குக் குடும்பப் பட்டியல், நூலகம் என்று பெயர்களை அடுக்கிக் கொடுக்கிற புரோகிராம் எழுதுபவர்கள் இந்த ஒரு வசதிக்காகவே பழைய வெர்ஷனை விட்டு வரலாம்.

ஐசியு (பல மொழிகளின் எழுத்து வரிசையையும் அறிந்த மென்பொருள் தொகுப்பு) கொலேஷன் 2017-லேயே, போஸ்ட்கிரெஸ் 10-இல் வந்துவிட்டது. வெறும் யூனிகோட் எண்படி (கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண்) அடுக்கும் ‘சி’ கொலேஷனில் மனோகரன் முன்னாலும் மரியதாஸ் பின்னாலும் வருவார்கள், ஏனென்றால் யூனிகோடில் ன-வை ந-வுக்கு அடுத்தே வைத்திருக்கிறார்கள். ஐசியுவின் தமிழ்க் கொலேஷன் அதைச் சரிசெய்து அகராதி வரிசைக்குக் கொண்டுவந்துவிடும். சரி, ஆனால் அகராதி வரிசையில் கிரந்த எழுத்துகள் எல்லாம் ன-வுக்கும் பின்னால்தானே? வேறு மாவட்டத்தில் இதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். இங்கே ஜாண், ஜெபமணி, ஜஸ்டின், ஜெசிந்தா என்று ஊரில் பாதிப் பேரைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினால் பட்டியலைப் புரட்டுகிறவர் சும்மா விடுவாரா? ச முடிந்ததும் ஜ வரவேண்டும் என்றுதான் கேட்பார்கள்.

2023-இல் வந்த 16-ஆம் வெர்ஷன் அதற்கு வழி தருகிறது. கிரியேட் கொலேஷன் கட்டளையில் ரூல்ஸ் என்ற இடத்தில் ‘&ச < ஜ் < ஜ’ என்று, அதாவது ச-வுக்கு அடுத்து ஜ், அதற்கடுத்து ஜ என்று எழுதினால் போதும் (புள்ளி வைத்ததையும் விட்டுவிடாதீர்கள்), மற்ற எழுத்துகள் அப்படியே இருக்க ஜ மட்டும் இடம் மாறும். மலையாளப் புத்தகத் தலைப்புகளுக்குத் தனி நெடுவரிசை இருந்தால் அதற்கு மட்டும் மலையாளக் கொலேஷனைக் கொடுத்துவிடலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. ரூலில் ஒரு குறி பிசகினால் கொலேட்டரை (வரிசைப்படுத்தும் பகுதியை) திறக்க முடியவில்லை என்று மட்டும் சொல்லும், எந்த இடத்தில் தப்பு என்று சொல்லாது, நாமே உட்கார்ந்து தேட வேண்டியதுதான். ஒருமுறை உருவாக்கிய கொலேஷனில் ரூலை மட்டும் மாற்றவும் முடியாது. புதிதாக இன்னொன்று உருவாக்கி நெடுவரிசையை அதற்கு மாற்ற வேண்டும். பெரிய டேபிள் என்றால் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) மறுபடி கட்டுகிற நேரமும் சேர்ந்துகொள்ளும். அதனால் யார் யாருக்கு எந்த வரிசை வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், சர்வரில் ஐசியு அப்டேட் ஆனால் கொலேஷன் வெர்ஷன் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வரும். உடனே ரீஇண்டெக்ஸ் செய்துவிட்டு (இண்டெக்ஸை மறுபடி கட்டிவிட்டு), அதற்குப் பிறகு ரெஃப்ரெஷ் வெர்ஷன் (புதிய வெர்ஷனைப் பதிந்துகொள்ளும் கட்டளை) கொடுங்கள். முதல் வேலையைச் செய்யாமல் இரண்டாவதை மட்டும் செய்தால் எச்சரிக்கை அடங்கிவிடும், ஆனால் டேபிளில் இருக்கிற ஜெபமணியைத் தேடினால் அப்படி ஆளே இல்லை என்று சொல்லவும் வாய்ப்புண்டு.