உப்புக் காற்றில் எந்த ஃபீட் லைன் நிற்கும்?

ஃபீட் லைன் என்பது ரேடியோவையும் அன்ரெனாவையும் இணைக்கும் வயர். கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கடலோரமாக அமெச்சூர் ரேடியோ அன்ரெனா கட்டுகிறவர்களுக்கு, ஓப்பன் வயர்தான் எங்கள் முதல் தெரிவு: கடை வயர் இரண்டை இடைத்தாங்கிகளால் விலக்கிக் கையால் கட்டுவது. உள்ளே அம்பாறை நகர்ப் பக்கம் என்றால் யன்னல்போல் வெட்டிய பிளாஸ்டிக் பட்டையோடு ஆயத்தமாக விற்கும் 450 ஓம் விண்டோ லைனைத் தாராளமாக வாங்கலாம். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் உப்பு.

இழப்புக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய பேதமில்லை. 10 மெகாஹேர்ட்ஸில் 30 மீற்றர் ஆர்ஜி-58 கோஆக்ஸ் (டிவி அன்ரெனா வயர் போன்ற உருண்டைக் கேபிள்), அன்ரெனாவோடு பொருத்தம் சரியாக இருக்கும்போதே ஏறத்தாழ 1.4 டெசிபலைத் தின்றுவிடும். ஒரே டப்ளெட்டை (நடுவில் லைன் இணையும் இரு கை அன்ரெனா) பல பாண்டுகளில், அதாவது பல அலைவரிசைகளில் ஓட்டி, பொருத்தமின்மையைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் ஏறினால் இன்னும் மோசம். ஓப்பன் வயரிலும் காய்ந்த விண்டோ லைனிலும் அதே நீளத்துக்கு 0.1 டெசிபல் அளவுதான். ‘காய்ந்த’ என்பதைக் கவனியுங்கள். விண்டோ லைனின் இரு கம்பிகளுக்கும் நடுவே நெடுகப் பிளாஸ்டிக் பட்டை ஓடுகிறது. பின்னேரக் கடற்காற்று அதில் உப்பைப் படியவிடும், அதிகாலைப் பனி அந்த உப்பை நனைக்கும். உடனே இழப்பு கூடும், லைனின் மின்மறிப்பு (அந்த ஓம் அளவு) இறங்கும். இரவு ரியூன் செய்து வைத்தது விடியலில் விலகி நிற்பது இதனால்தான். கார்த்திகை அடைமழை உப்பைக் கழுவிவிடும்; தூறலும் பனியும்தான் கெடுதி.

செம்பு பூசிய உருக்கு ஒற்றைக் கம்பி வகை, காற்றில் ஆடி ஆடி மேல் இணைப்பில் முறியும். வாங்கினால் பல இழை வகையை வாங்குங்கள். மீற்றருக்கு ஒரு முறுக்காவது கொடுத்தால் காற்றுப் பிடிப்பது குறையும். 450 ஓம் என்று விற்பது அளந்தால் 400க்குக் கிட்ட வருவதுண்டு. ரியூனர் (லைனை ரேடியோவோடு பொருத்தும் கருவி) இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கையால் கட்ட, ஹார்ட்வெயார் கடையின் 7/0.67 வீட்டு வயர் (0.67 மில்லிமீற்றர் இழைகள் ஏழு) நல்ல தேர்வு. செம்பின் விட்டம் 2 மில்லிமீற்றர். 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஏறத்தாழ 550 ஓம் வரும். 1/1.13 வயர் மலிவு, ஆனால் ஒற்றைக் கம்பி, ஆட்டம் தாங்காது. 15 மீற்றர் லைனுக்கு 32 மீற்றர் வயரும், 60 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக 25 இடைத்தாங்கிகளும் போதும். பிவிசி கொண்டியூட்டை 12 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, நெடுக்காகப் பிளந்து, 4 மில்லிமீற்றர் துளையிடுங்கள். முழுக் குழாயாக விட்டால் குளவி கூடு கட்டும், ஈரமும் தங்கும். தாங்கி வழுக்காமலிருக்கக் கறுப்புக் கேபிள் டை போடுங்கள். வெள்ளை டை வெயிலில் நொறுங்கும்.

கடை வயரின் பலவீனம் மேல் முனை. அங்கே திறந்திருந்தால் மழைநீர் இழைகளுக்கிடையே இறங்கி, உறைக்குள் நெடுகப் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஈயம் பற்றவைத்து நன்றாக மூடுங்கள். வினாகிரி மணக்கும் சிலிக்கன் செம்பை அரிக்கும், அது வேண்டாம்.

நீளத்தை எழுந்தமானமாக வெட்டாதீர்கள். டப்ளெட்டின் ஒரு கை 10 மீற்றர், லைன் 11 மீற்றர் என்றால் கூட்டு 21, 7.1 மெகாஹேர்ட்ஸில் அது அரை அலைநீளம். ரியூனர் முனையில் மின்மறிப்பு மிக உயர்ந்து, பொருத்தவே முடியாமல் போகலாம், இரு கம்பி லைனை ரியூனரோடு இணைக்கும் பாலுனும் சூடேறும். அதே கையோடு 15 மீற்றர் லைன் அந்தச் சிக்கலிலிருந்து விலகி நிற்கும்.

தகரக் கூரை, யன்னலின் இரும்புக் கிறில் எதற்கும் 40 சென்ரிமீற்றருக்குள் லைனைக் கொண்டுபோகாதீர்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி அதிகம் என்பதால், யன்னலுக்கு வெளியே இருமுனை இருவழிக் கத்தி சுவிட்ச் (இரு கம்பியையும் ஒன்றாக ரேடியோவுக்கோ நிலத்துக்கோ மாற்றுவது) ஒன்று அவசியம். பாவிக்காத நேரமெல்லாம் இரண்டு கம்பியும் நிலத்தோடு இணைந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் இறக்கினால் மற்றையது வழியே மின்னல் வீட்டுக்குள் வரும்.