அப்பாவின் பழைய சைக்கிளா, தம்பியின் புது கியர் சைக்கிளா?

மாடிப்படிக்கு அடியில் 15 வருடத்துக்கு மேல் சாத்தியே வைத்திருந்த அப்பாவின் சைக்கிளை நான் வெளியே எடுத்த அதே வாரத்தில்தான் என் தம்பி மலிவு விலையில் ஒரு புது கியர் சைக்கிள் வாங்கினான். 10 மாதமாக இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, இரண்டுக்கும் ஸ்பேனர் பிடிப்பவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பழையதன் பக்கம்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று முடித்துவிடலாம். புதியது வாங்கிய அன்றே ஓடும், உத்தரவாதம் உண்டு, மேட்டில் கியர் கைகொடுக்கும். பழையது கனம், துரு, இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமையை விழுங்கிவிடும். சரி.

பழையதை எடுத்ததும் நான் செய்த முதல் காரியம் அதன் பெயரைத் தேடியது. ஸ்டிக்கர் பாதி உரிந்துவிட்டது. பெடல் அச்சு போகும் குழாயின் அடியில் ஒரு எண் அடித்திருந்தது, அதை வைத்துக்கொண்டு நாலு நாள் அலைந்தேன். மலிவு சைக்கிள்களில் அந்த எண் பெரும்பாலும் தொழிற்சாலையின் வரிசை எண்தான், மாடல் பெயர் அதிலிருந்து கிடைக்காது. வயதாவது தெரிய வேண்டுமென்றால் உதிரிப் பாகங்களைப் பார்க்கலாம். ஷிமானோ என்ற ஜப்பானியக் கம்பெனியின் பழைய பாகங்களின் பின்பக்கம் இரண்டு எழுத்து இருக்கும். முதல் எழுத்து ஆண்டு, ‘ஏ’ என்றால் 1976, அப்படியே ஏறி ‘இசட்’ 2001, அடுத்த வருடம் திரும்ப ‘ஏ’. இரண்டாவது எழுத்து மாதம். ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் கியர் ஹப் (கியர் உள்ளேயே அடங்கிய சக்கர நடுப்பாகம்) என்றால் பல சமயம் ஹப் மேலேயே ஆண்டு பொறித்திருக்கும். என் சைக்கிளில் இரண்டுமே இல்லை.

அப்புறம்தான் புரிந்தது, பழுது பார்க்கத் தேவைப்படுவது பெயரே இல்லை, அளவுகள். இதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். டயரில் ‘26’ என்று இருந்ததைப் பார்த்துக் கடையில் 26 டயர் கேட்டேன், 26 × 1.75 கொடுத்தார்கள். வீட்டில் வந்து பார்த்தால் ரிம்மில் ஏறவே இல்லை. என்னுடையது 26 × 1 3/8. இரண்டும் 26தான், ஆனால் டயர் உட்காரும் விட்டம் ஒன்றுக்கு 559 மில்லிமீட்டர், இன்னொன்றுக்கு 590. டயர் ஓரத்தில் சின்ன எழுத்தில் 37-590 மாதிரி ஒரு ஜோடி எண் இருக்கும், அதைச் சொல்லி வாங்கினால் தப்பே நடக்காது. 28 × 1 1/2 என்றால் 635, 700சி என்றால் 622. பழைய டயர் இற்றுப்போயிருந்தாலும் அந்த எண்ணைத் தேடிப் படித்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள்.

இப்போது என் முடிவுக்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன்: பராமரிப்பு. ஒரு பாகம் தேய்ந்தால் அதை மட்டும் மாற்ற முடிகிறதா என்ற ஒரே கேள்வி.

அப்பாவின் சைக்கிளில் முடிகிறது. ஹப் இரண்டிலும் கப், கோன், பால்ஸ்: கிண்ணம் மாதிரி கப், அச்சில் திருகும் கூம்பு மாதிரி கோன், நடுவில் உருளும் இரும்புக் குண்டுகள்தான் பால்ஸ். முன்னால் பக்கத்துக்கு 10 குண்டு, ஒவ்வொன்றும் 3/16 அங்குலம், பின்னால் பக்கத்துக்கு 9, ஒவ்வொன்றும் 1/4 அங்குலம். கிராங்க் (பெடல் மாட்டும் கை) அச்சில் பக்கத்துக்கு 11, அதே 1/4. பெரும்பாலான பழைய சைக்கிள்களில் இதே அளவுதான். பழைய கிரீஸ் கருங்கல்லாக இறுகியிருந்தது, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தால் உள்ளே கப் எல்லாம் கண்ணாடி மாதிரி. பால்ஸை மட்டும் புதிதாகப் போட்டு, கிரீஸ் வைத்து, கோனைக் கையால் இறுக்கிக் கால் சுற்று பின்னால் விட்டு லாக் நட்டைப் பூட்டினேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் வால்வு கனத்தில் தானே கீழே வந்து நிற்கும், ஆட்டினால் ஆட்டம் இருக்காது. கிராங்கை அச்சோடு பூட்டும் காட்டர் பின் மட்டும் பாடாய்ப் படுத்தியது. இரண்டு நாள் எண்ணெய் விட்டு, நட்டைப் பின் நுனியோடு சமமாக வரும்வரை தளர்த்தி, கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, ஒரே அடி. தயங்கித் தயங்கித் தட்டினால் பின் வளைந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இன்னொன்று, இடது பெடலுக்கு மரை தலைகீழ், கழற்ற வலப்பக்கம் திருப்ப வேண்டும். இது தெரியாமல் மல்லுக்கட்டி மரையைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செயினை அளந்தேன்: 12 அங்குல நீளத்தில் 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றினால் போதும், 1/8 கூடிவிட்டால் ஃப்ரீவீலும் (பின்சக்கரத்தின் பல்சக்கரம்) சேர்ந்து தேய்ந்திருக்கும். எனக்கு இரண்டும் போயிருந்தது. மாற்றினேன், முடிந்தது.

தம்பியின் சைக்கிளில் இந்தக் கேள்விக்குப் பதில் பாதி இடங்களில் ‘முடியாது’. முன்னால் உள்ள மூன்று பல்சக்கரமும் கிராங்கோடு சேர்த்து ரிவெட் அடித்தது. ஒன்று தேய்ந்தால் மொத்த செட்டும் போகும். கியர் லிவரும் பிரேக் லிவரும் ஒரே உருப்படி. ஆறாவது மாதமே முன் சஸ்பென்ஷனில் ஆட்டம் வந்துவிட்டது, அதற்குள் போடும் புஷ் (தேய்மானம் தாங்கும் வளையம்) தனியாகக் கிடைக்கவில்லை. ஒருமுறை சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்ததில் பின் கியர் தொங்கும் சின்ன அலுமினியத் துண்டு வளைந்தது. அது மாடலுக்கு மாடல் வேறு வடிவம், சரியானதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம். விலை உயர்ந்த கியர் சைக்கிள்களை நான் கழற்றிப் பார்த்ததில்லை. நான் சொல்வது மலிவு விலையில் சஸ்பென்ஷனும் 21 கியரும் சேர்த்துக் கொடுப்பவற்றைப் பற்றி மட்டும். கியரும் சஸ்பென்ஷனும் இல்லாத எளிய புது சைக்கிள் என்றால் என் வாதத்தில் பாதி விழுந்துவிடும்.

புதியது தெளிவாக ஜெயிக்கும் இடம் மழை. பழையதில் குரோம் பூசிய இரும்பு ரிம், நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். முதல் மழையிலேயே ஒரு திருப்பத்தில் பயந்துவிட்டேன். அதனால் முன் சக்கரத்துக்கு மட்டும் அதே 590 அளவில் அலுமினிய ரிம் போட்டுக் கம்பி கோர்க்கச் சொன்னேன், இப்போது பரவாயில்லை. மழையில் தினமும் ஓட்டுபவர் இந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாப் பழைய சைக்கிளையும் காப்பாற்றச் சொல்லவில்லை. ஹேண்டில்பாருக்குக் கீழே, முன்குழாயும் சாய்ந்து இறங்கும் குழாயும் சேரும் இடத்தில் பெயின்ட் உப்பியோ கோடு விழுந்தோ இருந்தால் பிரேம் விரிசல் விட்டிருக்கலாம், அதில் ஏறாதீர்கள். பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) பின்னுக்குத் தள்ளியிருந்தால் அது எங்கோ மோதிய சைக்கிள். சீட் குழாய் எண்ணெய்க்கும் அசையாமல் இறுகியிருந்து, உயரமும் உங்களுக்குப் பொருந்தாவிட்டால் அதோடு விட்டுவிடலாம். இந்த மூன்றையும் பார்க்க 10 நிமிடம் போதும், ஒரு உதிரிகூட வாங்குவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.

போன வாரம் தம்பியின் முன் சக்கரத்தில் கரகரவென்று சத்தம். பிரித்தால் உள்ளே கிரீஸ் பேருக்குத்தான் இருந்தது, கோனில் குழி விழுந்திருந்தது. பால்ஸ் அதே 3/16. அப்பாவின் சைக்கிளுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த பால்ஸையே போட்டேன், கோன் மட்டும் புதிது.