கழுத்து வலியோடு தலையும் சுற்றுகிறதா? பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கழுத்து வலிக்கிறது, தலையும் சுற்றுகிறது என்று போய் நின்றால், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து "எலும்பு தேஞ்சிருக்கு, அதான் சுத்துது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். என் அம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை. இன்னொருவர் வீட்டில் இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதுகெலும்பு, கழுத்து வலிக்கென்றே இருக்கும் ஒரு சிகிச்சை மையம் அது. வலி எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார்கள். தலை எப்போது சுற்றுகிறது, எவ்வளவு நேரம் சுற்றுகிறது, என்ன செய்தால் சுற்றுகிறது என்று யாருமே கேட்கவில்லை. அம்மா தானாகவே சொன்னார்: "படுத்து வலப்பக்கம் புரண்டா அறையே சுத்துது தம்பி, அசையாம இருந்தா கொஞ்ச நேரத்துல நின்னுடுது." எதிரில் இருந்தவர் எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்காமலே "எல்லாம் கழுத்துதாம்மா" என்றார். நோய் என்ன என்பதற்கான விடை அந்த ஒரு வாக்கியத்திலேயே இருந்திருக்கிறது, அது எங்களுக்கு ரொம்பப் பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் ட்ராக்ஷன் (கழுத்தை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை), வெப்ப ஒத்தடம், மசாஜ், கழுத்துக் காலர், தலைசுற்றலுக்கு மாத்திரை என்று எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ், முழுப் பணமும் முன்னாலேயே கட்ட வேண்டும். நாள் முழுக்க காலர் போட்டிருக்கச் சொன்னார்கள். தாடைக்குக் கீழே தோல் சிவந்து தடித்துப் போனது, அதைவிட மோசம், காலர் போட்டால் குனிந்து தன் காலையே பார்க்க முடியாது, ஏற்கெனவே தள்ளாடும் ஒரு மனுஷி படி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தடுமாறினார். சுற்றல் துளியும் குறையவில்லை. கடைசியாக ஒரு நாள் புதிதாக வந்த ஒருவர், ரத்த அழுத்தம்கூடப் பார்க்காமல், எதுவும் சொல்லாமல் அம்மாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்து டக்கென்று ஒரு பக்கம் திருகினார். அம்மா வெளியே வந்து வாந்தி எடுத்தார். அதோடு அங்கே போவதை நிறுத்தினோம்.

பிறகு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் கேட்டதே "புரளும்போது சுத்துதா, அண்ணாந்து பார்க்கும்போதும் சுத்துதா?" என்றுதான். அம்மாவைப் படுக்கையில் உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் திருப்பி, கழுத்து வலி என்பதால் மெதுவாகத் தாங்கிப் பிடித்துப் படுக்க வைத்தார். அப்படியே கண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சில விநாடி ஒன்றுமில்லை, பிறகு கருவிழி இரண்டும் துடித்துத் துடித்துச் சுழன்றன, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டன. டிக்ஸ்-ஹால்பைக் சோதனை என்று பெயர், 1952 முதல் இருக்கிறது. ஒரு படுக்கையும் கவனித்துப் பார்க்கும் ஒரு ஆளும் போதும், மெஷின் எதுவும் வேண்டாம். அதைக்கூட அந்த மையத்தில் செய்யவில்லை.

பிரச்சினை காதுக்குள். உள்காதில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒரு இடத்தில் ஒட்டியிருக்கும், அவை பெயர்ந்து, தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால் தலையை அசைக்கும்போதெல்லாம் மூளைக்குத் தவறான தகவல் போகும். தலையின் நிலை மாறும்போது திடீரென்று வந்து போகும் இந்தச் சுற்றலைச் சுருக்கமாக பிபிபிவி (BPPV) என்கிறார்கள். எப்ளி முறையில், தலையை வரிசையாகச் சில கோணங்களில் திருப்பி நிறுத்தி அந்தத் துகள்களைத் திரும்ப வெளியே உருட்டிவிட்டார். அன்று இரவே அம்மா பயமில்லாமல் புரண்டு படுத்தார். திரும்ப வரலாம், வந்தால் திரும்பச் செய்யலாம் என்றும் சொன்னார். கழுத்து வலியைப் பற்றிக் கேட்டபோது, சுற்றிவிடுமோ என்ற பயத்தில் கழுத்தை விறைப்பாகவே வைத்திருந்தாலும் வலி வரும் என்றார். அம்மா அப்படித்தான் இருந்தார்.

கழுத்தால் தலைசுற்றல் வரவே வராது என்று சொல்லவில்லை. வரும். ஆனால் அதில் பெரும்பாலும் அறை சுழலாது, தள்ளாட்டமும் மிதப்பும்தான் இருக்கும், கழுத்தை அசைக்கும்போது வலியோடு சேர்ந்து வரும், வலி குறையக் குறைய அதுவும் குறையும். அதை உறுதிசெய்ய ஒற்றைச் சோதனை என்று எதுவும் கிடையாது. காது, ஒற்றைத் தலைவலி, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குவது, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்த்து விலக்கிவிட்டுத்தான் கழுத்துக்கு வர வேண்டும். எக்ஸ்ரே மட்டும் இதற்குப் போதாது, ஏனென்றால் 50 வயதைத் தாண்டியவர்களில் வலியும் இல்லாமல் சுற்றலும் இல்லாமல் இருக்கும் பலருக்கும் அதே தேய்மானம் தெரியும்.

ஒரு விஷயம் மட்டும் ரொம்ப முக்கியம். திடீரென்று இதுவரை இல்லாத மாதிரி கழுத்து வலி, கூடவே தலைசுற்றல், பேச்சுக் குழறல், ஒன்று இரண்டாகத் தெரிவது, விழுங்க முடியாமை, முகமோ கை காலோ மரத்துப் போவது, நடக்க முடியாமல் ஒரு பக்கம் சாய்வது, இதில் எது இருந்தாலும் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம், பக்கவாதமாக இருக்கலாம். இந்த நிலையில் யாரையும் கழுத்தைத் திருக விடாதீர்கள்.

மீதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டோம், "பேக்கேஜ்னா ரீஃபண்ட் கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம், எக்ஸ்ரே, ரசீது, அவர்கள் எழுதிக்கொடுத்த சீட்டு எல்லாவற்றின் நகலும் கையில் இருக்கிறது. நீங்களும் எதையும் தூக்கிப் போடாதீர்கள். இன்னொன்று, சுற்றும்போது பக்கத்தில் யாராவது இருந்தால், நீங்கள் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, அதைக் கிட்டத்தில் வைத்து போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், மருத்துவரிடம் போகும் நேரத்தில் சுற்றல் இல்லாவிட்டாலும் கண் எப்படித் துடித்தது என்று அவர் பார்க்க முடியும்.